மழை வந்தால் யார் வீட்டுக்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. பொருள்: வெள்ளத்திலிருந்து மீண்டு எழுவதற்கான திட்டம். பஜ்ஜி உண்டு என்று நோட்டீசிலேயே போட்டிருந்ததால் நல்ல கூட்டம்.

ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் கட்டடம். பின்பக்கம் ஏரி. "பால்கனியில் நின்றால் ஏரி தெரியும்" என்று சொல்லித்தான் பில்டர் விற்றார். ஏரியும் ஒருநாள் எங்களைப் பார்க்க வரும் என்று அவர் சொல்லவில்லை... நாங்களும் கேட்கவில்லை.

இந்த வருடம் வந்தது. தரைத்தள வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர்.

தரைத்தளத்தில்தான் ஸ்டெல்லா டீச்சர் இருக்கிறார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருபவர். கணவர் ஆண்டனி இடுப்பில் ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கிறார். அன்றைக்குத் தண்ணீர் ஏற ஏற, டீச்சரும் வாட்ச்மேனும் சேர்ந்து அவரை டைனிங் டேபிள் மேல் தூக்கி உட்கார வைத்தார்கள். தண்ணீர் வடியும்வரை மனிதர் அங்கேயே இருந்தார். வலி தாங்காமல் அழுதார் என்று பிறகுதான் தெரிந்தது.

மேல்மாடிக்காரர்கள் நாங்கள் சும்மா இருந்தோமா? இல்லவே இல்லை. ஒவ்வொருவராகப் பாதிப் படிக்கட்டு வரை இறங்கி — அதற்குக் கீழே ஈரம் — "ஏதாவது வேணுமா டீச்சர்?" என்று கேட்டோம். "ஒண்ணும் வேணாம், பரவால்ல" என்றார். வேறென்ன சொல்வார்? "உங்க வீட்டு சோபா வேணும்" என்றா சொல்வார்?

நம்மவர்களின் "ஏதாவது வேணுமா" இருக்கிறதே, அது கேள்வியே அல்ல. "வேண்டாம்" என்ற பதிலையும் கூடவே கொடுத்துக் கேட்கிற ஒரு மரியாதை. கேட்டுவிட்ட திருப்தியோடு மேலே போய் காபி குடித்தோம்.

இதெல்லாம் இனி நடக்கக்கூடாது என்று களத்தில் இறங்கினார் சங்கத் தலைவர் ராமநாதன். கும்பகோணத்துக்காரர், முதல் மாடி, பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை. அவருடைய துறையே 'டிசாஸ்டர் ரெகவரி'தான். அதாவது, எங்கோ அமெரிக்காவில் ஒரு பேங்கின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், அடுத்த நிமிடம் வேறு ஊரில் இன்னொரு கம்ப்யூட்டர் அதன் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் திட்டம் போட்டுக் கொடுப்பவர். இப்படிப்பட்டவர் தலைவராகக் கிடைக்க நாங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டாமா?

கூட்டம் அவர் வீட்டு ஹாலில். ஆபீஸ் புரொஜெக்டர் வந்திருந்தது. திரைக்குப் பதில் அவருடைய எட்டு முழ வேட்டி. அதன் ஜரிகைக் கரைக்குள் எங்கள் எதிர்காலம் வண்ண வண்ணமாக ஒளிர்ந்தது.

யோசனை நல்ல யோசனை. இதில் எனக்குக் கிண்டல் இல்லை. தரைத்தளத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே ஒரு வீடு. மழை வலுத்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டாம், நேராக அங்கே போய்விடலாம். தண்ணீர் வடிந்து, வீடு காய்ந்து, கரன்ட் வரும்வரை அங்கேயே இருக்கலாம். அவ்வளவுதான்.

அவ்வளவோடு விட்டார்களா? பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார்கள். என்ன பாஷை, சைவமா அசைவமா, பூஜை அறை எந்தப் பக்கம்... ஜாதகக்கட்டு ஒன்றுதான் பாக்கி. ஒரு வழியாக எல்லா வீட்டுக்கும் வரன் அமைந்தது, ஸ்டெல்லா டீச்சர் வீட்டைத் தவிர.

ஆண்டனியால் ஒரு மாடிக்கு மேல் ஏற முடியாது. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் மழை என்றால் முதலில் நிறுத்துவது அதைத்தான். அதனால் மூன்றாம் மாடிக்காரனான நான் தப்பித்தேன். மிச்சம் முதல் மாடியின் நான்கு வீடுகள். ஒன்று பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் துபாயில். இன்னொன்றில் பேச்சிலர் பையன்கள். "ஒரு ஃபேமிலியை எப்படி அங்க அனுப்பறது?" என்று கமிட்டி கவலைப்பட்டது. மூன்றாவது வீட்டுக்காரர் ராவ், வீட்டில் நாய் வைத்திருப்பவர்.

"நம்ம டாமி கடிக்காது சார். ஆனா புதுசா யார் வந்தாலும் மேல ஏறிடும். அவர் இடுப்புக்கு ஆகுமா? யோசனை மாடி" என்றார் ராவ். கடைசி இரண்டு வார்த்தை கன்னடம், 'யோசித்துப் பாருங்கள்' என்று அர்த்தம்.

நான்காவது வீடு? நாங்கள் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்த வீடு.

ராமநாதன் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா டீச்சர் ஆத்துல மீன் கீன்னு... கிச்சன் சமாசாரம் பாருங்கோ. இப்போதைக்கு, 'பின்னர் முடிவு செய்யப்படும்'னு போட்டுக்கலாம்."

போட்டார். வேட்டியில் சிவப்பு எழுத்தில் தெரிந்தது.

ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். "சார், மழைகிட்ட நான் என்னான்னு சொல்லட்டும்? பின்னர் வான்னு சொல்லவா? இல்ல, எங்க வீட்டுக்காரர் மறுபடியும் டேபிள் மேலதானா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அமெரிக்கக் கம்ப்யூட்டர் படுத்தால் இன்னொரு கம்ப்யூட்டர் உடனே இடம் கொடுக்கிறது. "நீ மீன் சாப்பிடுவியா?" என்று அது ஒருநாளும் கேட்டதில்லை.

கூட்டம் நன்றியுரையுடன் முடிந்தது.

போன புதன்கிழமை மறுபடி மழை. சாயங்காலத்துக்குள் ஏரி எங்கள் கேட்டைத் தாண்டிவிட்டது. தலைவர் ஊரில் இல்லையா? இருந்தார்... கம்பெனி காரில், பொம்மசந்திராவில், நகராத ஒரு லாரிக்குப் பின்னால். செல்போனில் சிக்னல் இல்லை.

நான் வழக்கம்போலப் பாதிப் படிக்கட்டு வரை இறங்கினேன். வழக்கம்போல "ஏதாவது..." என்று ஆரம்பித்தேன். கீழேயிருந்து குரல் வந்தது. "வழியை விடுங்கோ சார். இல்லேன்னா நாற்காலியோட பின்கால் ரெண்டையும் பிடிங்கோ!"

ராமநாதனின் மனைவி உஷா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றிருந்தார். நாற்காலியில் ஆண்டனி. முன்கால்களை ராவும் வாட்ச்மேனும் பிடித்திருந்தார்கள். உஷா எதையும் கேட்கவில்லையாம். நேராக உள்ளே போய், "சார், கிளம்புங்கோ, மேலே போலாம்" என்றாராம். அவ்வளவுதான்.

பின்கால்களைப் பிடித்தேன். ஆண்டனி நல்ல கனம். ஆனாலும் ஒரு மாடி அத்தனை தூரமில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியாக வந்த ஸ்டெல்லா டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் மூடிய சட்டி ஒன்று. மத்தியானம் வைத்த குழம்பு. வாசனையே என்ன குழம்பு என்று சொல்லிவிட்டது.

"கீழயே வெச்சிட்டு வந்திருப்பேன் உஷா. மனசு வரல."

உஷா ஒரு நிமிடம் சட்டியைப் பார்த்தார்.

"பால்கனில வைங்கோ டீச்சர். மேலே ஒரு தட்டைப் போட்டுக் கல்லு வைங்கோ, பூனை வரும்."

ராமநாதன் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அவருடைய சோபாவில் ஆண்டனி காலை நீட்டி உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பால்கனியில் ஸ்டெல்லா டீச்சர் தனியாக உட்கார்ந்து தன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைவர் ஹாலைப் பார்த்தார். பால்கனியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு ஆண்டனியிடம் போய், "இன்னும் கொஞ்சம் ரசம் போட்டுக்கறேளா?" என்றார்.

இப்போது கீழே வீடு காய்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டனி இன்னும் முதல் மாடியில்தான். நேற்று ராமநாதன் எல்லோரையும் கூப்பிட்டுத் திருத்திய திட்டத்தைக் காட்டினார். சிவப்பு எழுத்து இருந்த இடத்தில் பச்சையில் அவர் வீட்டு நம்பர். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், 'குழம்பு: பால்கனி'.

"பாத்தேளா? கடைசியில நம்ம பிளான் எவ்வளவு அழகா வேலை செஞ்சுது!" என்றார் பெருமையாக.

உள்ளேயிருந்து காபியோடு வந்த உஷா சொன்னார். "ஆமாம். நீங்க பொம்மசந்திராவுல மாட்டிண்டது ரொம்ப ஒத்தாசையா இருந்தது."

அடுத்த தடவை மேகம் கறுத்தால், தலைவரை முன்கூட்டியே அங்கே அனுப்பி வைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.