குப்புறப் படுக்கும் விளையாட்டு

என் அம்மாவுக்கு ஓடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி ஓடியே ரொறன்ரோ வரை வந்தவர். இருந்தாலும், யூதத் தொடக்கப் பள்ளியொன்றில் கம்ப்யூட்டர் படிப்பித்த அவரிடம், உடற்பயிற்சி வகுப்பையும் எடுத்தால்தான் முழுநேர வேலை என்று அதிபர் சொன்னபோது அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இனி விசிலும் ஊதப்போறீரோ?"

"ஓம், ஊதுறன். அரைநாள் வேலையோட இந்த வீட்டில வாடகை குடுத்து இருக்கேலுமோ?" என்றார் அம்மா.

எங்கள் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மெண்டில் ஒத்திகைக்கு அகப்பட்டவள் நான். ஸ்கிப்பிங் கயிறடித்துக் கால் கடுத்தது. எனக்குப் பிடித்தது எங்கள் பழைய விளையாட்டுத்தான். விசில் கேட்டதும் குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைக்க வேண்டும். முதலில் அசைபவர் தோற்றவர். எப்போதும் அம்மாதான் வெல்வார்.

அந்தப் பள்ளி வாசலில் காவலாளி நிற்பார். ஆபத்து வந்தால் விளக்கை அணைத்து மூலையில் ஒடுங்கியிருக்கப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் உண்டு. அம்மாவுக்கு அது போதாது என்று பட்டிருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாளுக்காகப் பள்ளி மத்தியானமே வெள்ளென விடுவதற்கு முன், ஜிம்மில் எங்கள் விளையாட்டைப் பழக்கினார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மாலையில் மெழுகுதிரி ஏற்றிக் குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், வீட்டுக்கு வீடு தரையில் விழுந்து காட்டினார்கள். வாயைத் திறந்திருந்தால், குண்டு விழும்போது காது கிழியாது என்று விளக்கமும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை அம்மாவின் வேலை போய்விட்டது. பிள்ளைகளைப் பயமுறுத்தினாராம். வாசலில் நிற்கும் காவலாளியைப் பார்த்து வராத பயம், என் அம்மாவைப் பார்த்து வந்துவிட்டது.

"நான் பயப்படுத்தேல்லை. தப்பத்தான் பழக்கினனான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைக்கக் குசினிக்குப் போய்விட்டார்.

வேலை போனதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மா பகலிலேயே வீட்டில் இருக்கிறார் என்ற சந்தோஷம்தான். அவர் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினேன். அம்மா கார்ப்பெட்டில் குப்புறப் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அம்மாவின் தோள்கள் குலுங்கின.

"அசைஞ்சிட்டீங்கள்" என்று துள்ளி எழும்பினேன்.

அம்மா முகத்தை நிமிர்த்தவில்லை. முதல் தடவையாக அம்மாவை வென்றுவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லக் குசினிக்கு ஓடினேன்.