கண்ணாடி ஓரத்து ஹாக்கிக்காரர்

“…அதான் கேக்கிறேன், மூஞ்சியே ஞாபகம் இல்லாதவனுக்கு எப்படிடா காரியம் பண்ணுவ? நீ விடுற எள்ளும் தண்ணியும் யாருக்குப் போய்ச் சேரும்? சொல்லு கணோ!”

என் நாத்தனார் இப்படிக் கேட்டது மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் காலையில், தன் கடைசித் தம்பியிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம். நாத்தனாரை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். கணவர் இறந்ததிலிருந்து எங்களோடு இருக்கிறார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பம். பேச்சு தமிழ்தான், கோபம் வந்தால் மட்டும் வாலில் கன்னடத்து ‘கணோ’ ஒன்று, நம் ‘டா’ மாதிரி, ஒட்டிக்கொள்ளும். அன்று நிறைய ஒட்டியது.

காரியம் அவர்களுடைய நடுத் தம்பிக்கு. அவரை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே கனடாவுக்கு ஓட்டல் சமையல் வேலைக்குப் போய்விட்டார். அதுவரை ரயில்வே டீமில் ஹாக்கி ஆடியவர். ஃபுல்பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். “எல்லாரும் முன்னாடி ஓடுவாங்க, நான் நிப்பேன்” என்பாராம். அக்கா அதற்குச் சொல்வது: “நிப்பேன் நிப்பேன்னான், எங்க எல்லாருக்கும் முன்னாடி ஓடினது அவன்தான்.”

போன முதல் குளிர்காலத்தில் அவரிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு ஹாக்கி கார்டு. அந்த ஊரில் பபிள்கம்மோடு பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். அப்போதே பழசு, மூலையெல்லாம் மழுங்கியிருந்தது. ஒரு வெள்ளைக்காரர் பனிக்கட்டித் தரையில் முழங்காலை மடக்கி, மட்டையைத் தாழ வைத்து, நேராக நம்மைப் பார்க்கிறார். தலையில் ஹெல்மெட் கிடையாது. பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தார்: “இங்க ஐஸ் மேல ஆடுறாங்க அக்கா. இவர் இந்த ஊரே கொண்டாடுற டிஃபென்ஸ்காரர். நிக்கிறதப் பாரு, என்ன மாதிரியே இல்ல?”

அப்புறம் ஒன்றிரண்டு போன். அப்புறம் அந்த நம்பரே இல்லை, அந்த விலாசத்தில் ஆளும் இல்லை. விசாரித்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போகும்போது தன் படங்களையெல்லாம் தானே கொண்டுபோயிருந்தார். மிஞ்சியது டீமோடு எடுத்த குரூப் போட்டோ. ஒரு மழைக்காலத்தில் அது பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது அவர் நின்ற பின்வரிசையின் முகங்கள் கண்ணாடியோடு போய்விட்டன. கழுத்துக்குக் கீழே சட்டைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

ஆக, வீட்டில் இருந்தது கார்டுதான். ஹாலில் இருக்கும் நிலைக்கண்ணாடியின் சட்டத்தில் அக்கா அதைச் செருகி வைத்திருந்தார். தலை வாரினால் நம் தோளுக்குப் பக்கத்தில் அவர் நிற்பார். ஃபேன் காற்றில் கார்டு லேசாக ஆடும்போது யாரோ தலையை அசைத்த மாதிரி இருக்கும். புதுப்பெண்ணாக வந்த நான் பயந்துபோய், “யாருக்கா இது?” என்றேன். “என் தம்பி மாதிரி” என்றார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு சைக்கிள், மிக்ஸி, தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், அதே கையோடு கார்டுக்கும் வைக்கப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டார். “உயிரோட இருக்கறவன் படத்துக்கா பொட்டு வெப்ப?” போனவர்கள் படத்துக்குத்தான் எங்கள் வீட்டில் சந்தனமும் குங்குமமும். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கார்டைச் சந்தனக் கையோடு நெருங்கியதில்லை.

வருஷம் போகப் போக அக்கா சொன்ன அந்த ‘மாதிரி’ உதிர்ந்துவிட்டது. “தம்பி சாஞ்சிருக்கான் பாரு, நிமித்தி வை” என்பார். என் மகன் பிறந்தபோது குழந்தையைக் கையில் வாங்கி, “தாடை அப்படியே அவன்தான்” என்றார். எல்லோரும் திரும்பி, கண்ணாடி ஓரத்தைப் பார்த்துத் தலையாட்டினோம். யாருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது போன வருஷம். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். பிளாட்பாரத்தில் வயதான ஒருவர் காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றாராம். இவர் ஓடியிருக்கிறார். “திரும்பினார். அண்ணன் இல்லன்னு வந்துட்டேன். பாதி வழியிலதான் தோணுச்சு, நான் தேடினது கார்டுல இருக்கற மூஞ்சிய. ஒருவேள…”

அக்கா கண்ணை மூடிப் பார்த்தார். “அவனுக்கு மீசை இருந்துதாடா?” என்று கேட்டார். இவருக்கும் தெரியவில்லை. நான் மூடிப் பார்த்தேன். எனக்கு வேறு யார் வருவார்? அந்த வெள்ளைக்காரர்தான் வந்தார், முழங்காலை மடக்கிக்கொண்டு.

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியில் யாரும் தலை வாரவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்கரைப் புரோகிதர் ஒருவர், இத்தனை வருஷம் தகவல் இல்லாதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணிவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் அமாவாசைக்கு என்று ஏற்பாடு செய்துவிட்டார். அதற்குத்தான் அந்தக் காலைச் சண்டை.

“மூஞ்சி வேணாம்க்கா, பேரு சொன்னாப் போதுமாம்” என்றார் இவர்.

“பேரு அவனுக்கு, நெனப்பு வெள்ளக்காரனுக்கா? அவர் வீட்டுல அவருக்குப் பண்ண ஆள் இல்லாமலா போயிட்டாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“அப்ப வேணாமா? அய்யருக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன்.”

அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பினார். “வேணாம்னு சொன்னேனா கணோ? எங்க பசியோட நிக்கிறானோ. நிக்கத்தானே தெரியும் அவனுக்கு.”

எழுந்து போய்க் கார்டை உருவினார். பூஜை அலமாரிக் கல்லில் நான் அப்போதுதான் இழைத்து வைத்திருந்த சந்தனத்தை விரலில் வழித்தார். நெற்றியில் மட்டும் வைக்கவில்லை. கண், மூக்கு, அந்தத் தாடை எல்லாம் மறையும்படி முகம் முழுக்க அப்பினார். மடங்கிய முழங்காலும் தாழ்ந்த மட்டையும்தான் மிச்சம். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சந்தனத்தின் நடுவில் குங்குமம் வைத்து, ஈரம் கலையாமல் கடைசித் தம்பியின் கையில் கொடுத்தார்.