அடெல்ஹெய்டின் சாயங்காலக் குறி

அடெல்ஹெய்ட் அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் முதலில் சொன்னது யார் என்று தெரியாது. நான் சொல்லவில்லை. ஆனால் மற்றவர்கள் சொன்னபோது இல்லை என்றும் சொல்லவில்லை.

கோரிக்காஸ் டவுனிலிருந்து மேற்கே வண்டியில் இரண்டு மணி நேரம் போனால் எங்கள் சங்கத்தின் நிலம் வரும். ஒவ்வொரு வருஷமும் இத்தனை ஸ்பிரிங்பாக் மான், இத்தனை நீளக்கொம்பு ஓரிக்ஸ், இத்தனை வரிக்குதிரை என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும். அவற்றைச் சுட்டு, பள்ளிக்கூடத்துக்கும் வயசானவர்களின் வீடுகளுக்கும் கறி பிரித்துக் கொடுப்போம். சுடுவது அடெல்ஹெய்ட் கனூசஸ். வண்டி ஓட்டுவது நான், ஓபெட். பதினோரு வருஷமாக இப்படித்தான். சங்கத்துக்கு ஆள் எடுத்த அன்று ஐந்து ஆண்களும் அவளும் வரிசையாக நின்று தகரடப்பா சுட்டார்கள். அவள் ஒருத்திதான் ஐந்துக்கு ஐந்து. அதற்கு முன் அவள் துப்பாக்கி பிடித்ததெல்லாம் ஆடுகளைத் தூக்க வந்த நரிகளுக்காகத்தான்.

துப்பாக்கியின் மேல் குறி பார்க்க முதலில் இருந்தது பழைய நாலு மடங்கு ஸ்கோப். திருப்ப, மாற்ற ஒன்றும் இல்லாதது. எப்போது பார்த்தாலும் மிருகம் நாலு மடங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஒருநாள் நான் வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கியதில் துப்பாக்கி கீழே விழுந்து முன்கண்ணாடி விரிசல் விட்டது. அந்த மாதமே, வேட்டைக்கு வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் ஸ்கோப்பைக் கழற்றிச் சங்கத்துக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை வளையத்தைத் திருப்பிக் கூட்டலாம், குறைக்கலாம். எங்கள் தலைவர் ஏவால்ட் ஹோயெப் அதைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"இனிமே நீ மலைமேல இருக்கிற வரிக்குதிரையோட கோட்டக்கூட எண்ணிடலாம்" என்றார்.

"எண்ணி என்ன செய்ய தலைவரே?" என்றாள் அக்கா. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வருஷம்தான் தவற ஆரம்பித்தது. காலையில் சுட்டால் எப்போதும் போல விழும். சாயங்காலம் சுட்டால் தவறும். முதலில் ஒரு ஸ்பிரிங்பாக், குண்டு படாமலே ஓடிப்போனது. இரண்டு மாதம் கழித்து ஒரு வரிக்குதிரைக்கு முன்னங்காலில் பட்டது. இருட்டும்வரை துரத்திப் போய் முடித்தோம். ஜூலையில் ஒரு பெரிய ஓரிக்ஸ். அக்கா சுட்டதும் அது முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. வயிற்றில் பட்டிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. ரத்தத் தடம் கற்பாறையில் ஏறிக் காணாமல் போனது. மறுநாள் கழுகுகள் இறங்கிய இடத்தில் கொம்பும் தோலும் கிடந்தன.

அக்கா அந்தக் கொம்புகள் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். திரும்பி வரும்போது, "எங்கப்பாவுக்கும் சாயங்காலத்துலதான் ஆரம்பிச்சுது ஓபெட்" என்றாள்.

அவள் அப்பாவை எனக்குத் தெரியும். அறுபது வயசில் ஒன்றுமே தெரியாமல் போய், ஆட்டுப்பட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

அந்த வாரச் சங்கக் கூட்டத்தில் தலைவர் சுற்றி வளைக்காமல் பேசினார். "நாலு வீட்டுக்குப் போக வேண்டிய கறியக் கழுகு தின்னுருக்கு. அடெல்ஹெய்ட், ஒன்ன யாரும் கொற சொல்லல. வயசுன்னு ஒண்ணு எல்லாருக்கும் வரும். துப்பாக்கிய என் தங்கச்சி பையன்கிட்ட குடுத்துரு. நீ கூடப் போய் வழிகாட்டு."

"ஒரு மாசம் குடுங்க தலைவரே. ஆஸ்பத்திரில கண்ணக் காமிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தொப்பியை மட்டும் மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

கோரிக்காஸுக்கு நான்தான் கூட்டிப் போனேன். கண் பார்க்கும் நர்ஸம்மா எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், சொட்டு மருந்து விட்டார், விளக்கடித்துப் பார்த்தார், இருட்டறையில் உட்கார வைத்தும் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கெட்ட சேதி வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வெளியே வந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"என்னக்கா சொன்னாங்க?"

"பக்கத்துல வெச்சுப் படிக்கக் கண்ணாடி போடணுமாம். தூரப் பார்வைக்குக் கொறையே இல்லியாம். இருட்டுலயும் நல்லாத் தெரியுதாம்."

"நல்ல சேதிதான?"

"எப்படி நல்ல சேதி? கண்ணு நல்லாருக்குன்னா கை போயிருச்சுன்னு அர்த்தம். இல்ல புத்தி போயிருச்சு. அதுக்கு யாருகிட்டப் போய்க் காமிக்கிறது?"

நான் வாங்கிக் கொடுத்த எண்ணெயில் பொரித்த மாவுருண்டையை வழியெல்லாம் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். எங்கள் ஊர் வறண்ட ஆற்றுமணலுக்கு வந்தபோது, "நிறுத்து" என்றாள். மணி மூன்று இருக்கும். நல்ல வெயில்.

"ஓபெட், காலைல நான் செய்யாதது சாயங்காலம் என்ன செய்யிறேன்?"

நான் யோசித்தேன். "சாயங்காலம் ஒனக்குப் பசி. கோவம் கொஞ்சம் ஜாஸ்தி."

"வெளயாடாத."

"காலைல மணல் மூட்டையில துப்பாக்கிய வெச்சுப் படுத்துச் சுடுறே. சாயங்காலம் கம்புமேல வெச்சு நின்னுக்கிட்டுச் சுடுறே."

"அதையே பாப்போம்" என்றாள்.

துப்பாக்கியும் கம்பும் மூட்டையும் எப்போதும் வண்டியிலேயே இருக்கும்; அன்று ஒரு காலி மாவுப் பெட்டியும் இருந்தது. அதன் அட்டையைக் கிழித்து, நடுவில் கரியால் உள்ளங்கையளவு வட்டம் போட்டு, நூறு தப்படி தள்ளி முள்மரத்தில் கட்டினேன். அக்கா கம்பை ஊன்றி நின்று மூன்று குண்டு போட்டாள். போய்ப் பார்த்தோம். கொஞ்சம் இங்கொன்று அங்கொன்றாக இருந்தாலும் மூன்றும் வட்டத்துக்குள்ளேதான்.

"அப்ப கை இல்ல" என்றேன்.

அவள் திரும்பி நடந்தாள். துப்பாக்கியை எடுத்து மறுபடி அட்டையைப் பார்த்தாள். அப்போது அவள் இடது கை தானாக ஸ்கோப்பின் வளையத்துக்குப் போனதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கை அங்கேயே நின்றது.

வெளிச்சம் குறைந்தால் வளையத்தைச் சின்ன எண்ணுக்குத் திருப்புவாள். உருவம் சின்னதாகும், ஆனால் பளிச்சென்று இருக்கும். துப்பாக்கியின் குறியைச் சரி பார்ப்பதோ எப்போதும் காலையில், பெரிய எண்ணில் வைத்து. அட்டையில் விழுந்த ஓட்டை அதில்தான் தெளிவாகத் தெரியும். பகலில் சமவெளியில் தூரத்து மான்களைச் சுடும்போதும் பெரிய எண்தான். இப்போது சுட்ட மூன்று குண்டும் அதில்தான்.

மூட்டையைப் போட்டுப் படுத்தாள். வளையத்தை மூன்றுக்குத் திருப்பினாள். அவசரமில்லாமல் மூன்று குண்டு.

இந்த முறை நான் ஓடினேன். வட்டத்துக்குள் புதிதாக ஒன்றும் இல்லை. பிறகு பார்த்தேன். வட்டத்தின் நடுவிலிருந்து நாலு விரல் அகலம் வலப்பக்கம் தள்ளி மூன்று ஓட்டைகள். ஒரே தீப்பெட்டியால் மூன்றையும் மூடிவிடலாம், அத்தனை நெருக்கம்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். விரலை வைத்து அளந்தாள். நூறு தப்படியில் நாலு விரல் என்றால், இருநூறில் இரண்டு மடங்கு. ஜூலையில் அந்த ஓரிக்ஸ் இருநூறில்தான், இடப்பக்கம் பார்த்து நின்றது. தோளைக் குறி வைத்தால் குண்டு பின்னால் தள்ளி வயிற்றுக்குத்தான் போயிருக்கும்.

"வளையத்தத் திருப்பினா குறியும் கூடவே நகருது" என்றாள். "ஒரு வருஷமா நகந்திருக்கு. ஒரு வருஷமா நான் எங்கப்பாவ நெனச்சுக்கிட்டுப் படுத்தேன்."

மணலில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினாள். மறுபடி போட்டுக்கொண்டாள். மறுபடி கழற்றித் தட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு, "நீயும் என் கண்ணுதான்னு நெனச்சே இல்ல?" என்றாள்.

"ஆமாக்கா."

"நானும்தான்" என்றாள். பிறகு சட்டைப் பையிலிருந்த மாவுருண்டையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மணலை ஊதிவிட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

அன்றே அட்டையைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டு போனோம். அவர் ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தார்.

"பெரிய மனுசன் குடுத்ததாச்சே" என்றார்.

"அவருக்கும் தெரிஞ்சிருக்காது தலைவரே. அவர் ஒரே நம்பர்ல வெச்சே சுட்டிருப்பார்" என்றாள் அக்கா.

தலைவர் நேர்மையான ஆள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "அடெல்ஹெய்ட் கண்ணுல கோளாறு இல்ல, கருவியிலதான் கோளாறு. அவசரப்பட்டுப் பேசுனது நான்" என்றார். புது ஸ்கோப் வாங்கவும் ஒப்புக்கொண்டார். ஆனால் தேர்ந்தெடுக்கத் தானும் வருவேன் என்றார்.

ஓச்சோ டவுனில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தவர் ஹென்னிங் என்ற வெள்ளைக்காரர். அக்கா அட்டையை விரித்து நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"மலிவா செஞ்ச சிலதுல இப்படி வரும்" என்றார். "நல்லதா வாங்கினா வராது. இதப் பாருங்க, மூணுலேர்ந்து பன்னண்டு. எந்த நம்பர்ல வெச்சாலும் குறி அசையாது. நான் கேரண்டி."

தலைவர் அதைக் கையிலெடுத்து வாசல் வழியாகத் தெருக்கோடியைப் பார்த்தார். "அடேயப்பா. அந்தப் பெட்ரோல் பங்குக்காரன் மீசை தெரியுது. இதையே எடுத்துக்கலாம் அடெல்ஹெய்ட்."

"நீங்க சொல்றத நான் நம்புறேன்" என்றாள் அக்கா, ஹென்னிங்கைப் பார்த்து. "ஆனா எங்க ரோட்டுல இது தெனமும் ஆறு மணி நேரம் குலுங்கும். உள்ள ஏதாவது லூசாச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மிருகம் வயித்துல குண்டோட ஓடினப்புறம்தான் தெரியும். மடங்கு மாறாத ஸ்கோப் இருக்கா?"

"இருக்கு. நாலும் இருக்கு, ஆறும் இருக்கு. அது மட்டும் என்ன, அதையும் நல்லா ஓங்கித் தட்டுனா குறி மாறத்தான் செய்யும்."

"மாறினா காலைலயும் மாறும், சாயங்காலமும் மாறும். மொதக் குண்டுலயே தெரிஞ்சிரும்."

ஹென்னிங் தலையாட்டினார்.

ஆறு மடங்கை எடுத்துக்கொண்டு கடையின் பின்வாசலுக்குப் போனாள். அங்கே பத்தடி தள்ளி அவருடைய நாய் படுத்திருந்தது. கண்ணை வைத்துத் தேடினாள். "எல்லாம் மயிராத் தெரியுது, நாயக் காணோம்" என்றாள். நாலில் பார்த்தாள். தலை, முன்னங்கால், தோள், எல்லாம் இருந்தன. அடிபட்ட ஓரிக்ஸ் புதருக்குள் திரும்பிக் கொம்பை நீட்டினால் பத்தடியில்தான் நீட்டும். அதை அவள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"தூரத்துல இருக்கிறது?" என்றார் தலைவர் விடாமல். "அந்த மீசை இதுல தெரியாதே."

"தேடிப் பாக்கறதுக்கு பைனாகுலர் இருக்கு தலைவரே. இது சுடறதுக்கு. எனக்கு மீசை வேணாம், தோள் எங்கன்னு தெரிஞ்சா போதும். எரநூறு மீட்டருக்கு நாலு தாராளம். அதுக்கு மேல நான் சுடறதில்ல, கிட்டப் போயிருவேன்."

"இதுல திருப்ப வளையமே இல்லியே."

"அதுக்குத்தான் எடுக்கிறேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியைப் பார்த்தேன். விலையும் பாதிக்குக் கீழேதான் என்று ஹென்னிங் சொன்னதும் தலைவரின் முகம் தெளிந்தது. அது முதலிலிருந்தே தன் யோசனை என்பது போல, "சரி, நாலே பேக் பண்ணுங்க" என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் அந்த வருஷத்து ஒதுக்கீட்டில் இரண்டு ஓரிக்ஸ் பாக்கி இருந்தன. அக்கா காலையில் போகலாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். "சாயங்காலம் போவோம்" என்றாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மோப்பானிப் புதர்களுக்கு நடுவில் ஓர் ஆண் ஓரிக்ஸ் தனியாக நின்றது, இருநூறு தப்படிக்குக் கொஞ்சம் குறைவாக. அக்கா வண்டியிலிருந்து இறங்கி, புதர் புதராக மறைந்து ஐம்பது தப்படி முன்னால் போய்க் கம்பை ஊன்றினாள். இடது கை ஸ்கோப்பின் மேலே போய்த் தடவியது. திருப்ப ஒன்றும் இல்லை. கை இறங்கித் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தாங்கிக்கொண்டது.

நான் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டது. ஓரிக்ஸ் இரண்டு தாவல் தாவி முன்னங்கால் மடிந்து விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

அக்கா வழக்கம்போல இன்னொரு குண்டை ஏற்றிக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றிப் போய், எட்ட நின்றே கம்பால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அசைவில்லை. பிறகு குனிந்து குண்டு புகுந்த இடத்தைத் தேடினாள். தோளில், எங்கே குறி வைத்தாளோ அங்கேயே. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. கயித்த எடுத்துட்டு வா."

கறி வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேருமாகச் சேர்ந்து ஏற்றினோம். மறுநாள் எந்தெந்த வீட்டுக்கு எந்தப் பங்கு என்று அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்கா முன்சீட்டில் துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, "ஹீட்டரப் போடு ஓபெட், காலு வெறைக்குது" என்றாள். போட்டேன். பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அந்த வருஷம் முழுக்க வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

பள்ளங்களில் மெதுவாக இறக்கி ஏற்றினேன். வீட்டுக்கு வர வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூட ஆனது. பின்னாலிருந்தவர்கள் ஏன் இப்படி ஊர்ந்து போகிறாய் என்று கூரையைத் தட்டினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.