வயிற்றில் கிருமி, இரத்தத்தில் கொழுப்பு

நெஞ்சுக்குழிக்குக் கீழே, ஒரு விரல் வைத்து மூடக்கூடிய இடத்தில்தான் அது தொடங்கியது. வலி என்று சொல்ல முடியாது. எரிவு. கணக்கியல் இறுதிப் பரீட்சைக்குப் படித்த மாதங்களில், நான் எழும்புமுன்பே அது எழும்பிவிடும். இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கும். பிறகு வயிறு ஊதும், ஏப்பம் வரும், மத்தியானச் சோறு பாதியில் நின்றுவிடும்.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை சுமந்தார். அம்மா வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தார். இருவரும் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள். பள்ளிக்கூடம் போகக் கிடைக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளியில் உயர்தரம் வரை படித்து, அதற்கு மேலும் தேறிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அம்மாவுக்கு அதைவிடக் கூச்சமில்லை. என் வயிற்றைப் பற்றி யாராவது கேட்டால், "படிப்பு வயித்தைத் தின்னுருச்சு" என்பார், பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல்.

ஒரு காப்புறுதி (இன்சூரன்ஸ்) நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சேருமுன் மருத்துவப் பரிசோதனை உண்டு. நான் ஒல்லி, பயப்பட எதுவுமில்லை என்று நினைத்துத்தான் இரத்தம் கொடுத்தேன். முடிவில் கொலஸ்ட்ரோலும் ட்ரைகிளிசரைட்டும் (இரண்டும் இரத்தத்தில் ஓடும் கொழுப்புகள்) அளவைத் தாண்டியிருந்தன. நல்ல கொழுப்பு (குழாய்களில் தேங்குவதை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோவது) குறைவாக இருந்தது. நிறுவனத்தின் மருத்துவர் மூன்று மாதம் தவணை தந்தார். அதற்குள் இறங்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

"எங்களுக்குத் தெரியாம எண்ணெயில பொரிச்ச ரோல்ஸ் தின்றியா புள்ள?" என்று அப்பா கேட்டார்.

"சோத்தையே முடிக்க மாட்டேங்கிறேன்பா."

"அப்ப கொழுப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"வாய்க்கொழுப்புதான் கீழ எறங்கியிருக்கும்" என்றார் அம்மா, கறியைக் கிளறியபடி.

அம்மா வேலை செய்த வீட்டார் சொல்லி, வெள்ளவத்தையில் ஒரு டொக்டரிடம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"நெஞ்சுக்குழி எரிவு எவ்வளவு காலமா?"

"அதை நான் சொல்லவே இல்லையே, டொக்டர்."

"பிள்ளை வந்து இருந்ததில இருந்து கை அங்கதானே கிடக்குது."

எண்டோஸ்கோபி (வாய்வழியே சிறு கமராக் குழாயை இறக்கி வயிற்றின் உட்புறத்தைப் பார்ப்பது) செய்தார்கள். தொண்டையை மரக்கவைத்த மருந்தின் கசப்புத்தான் அதில் மோசமான பகுதி. வயிற்றின் உட்சுவர் சிவந்து வீங்கியிருந்தது. காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி (வயிற்று அமிலத்திலும் சாகாமல் வாழும் சுருள் வடிவக் கிருமி). பெரும்பாலும் சிறு வயதில், வீட்டிலுள்ளவர்களிடமிருந்து தொற்றும் என்றார் டொக்டர்.

"இதுக்கும் இரத்தத்திலே இருக்கிற கொழுப்புக்கும் தொடர்பு இருக்கா, டொக்டர்?"

"இருக்கலாம் எண்டு சிலர் சொல்லினம். நான் சத்தியம் பண்ண மாட்டன்."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கிருமி வயிற்றில் நெடுங்காலம் இருந்தால் உடம்பில் ஒரு மெல்லிய அழற்சி (உடம்பு கிருமியோடு ஓயாமல் போராடும் நிலை) நிற்கிறது. அந்தப் போராட்டம் வயிற்றோடு நிற்பதில்லை. ஈரல் கொழுப்பைக் கையாளும் விதமும் அதனால் மாறலாம். "கிருமியைக் கட்டாயம் கொல்ல வேணும், அது வயித்துக்காக. கொழுப்பும் இறங்கினால் லாபம். இறங்காட்டி அதுக்கு வேற வழி பாப்பம்."

இரண்டு வாரத்துக்கு மூன்று வகைக் குளிசைகள் (மாத்திரைகள்) தந்தார். இரண்டு அன்ரிபயோட்டிக் (கிருமிகொல்லி), ஒன்று அமிலத்தைக் குறைப்பது. கிருமிகொல்லிகளில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாகக் காலையும் இரவும் எடுக்க வேண்டும். குளிசைக் கவர்களை அம்மா சமையலறைத் தட்டில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் சோறும் மருந்தும் அம்மாவின் கையிலிருந்துதான் வரும். வாங்குபவர் எண்ணிப் பார்ப்பதில்லை; அது கொடுப்பவரைச் சந்தேகிப்பது போல.

எரிவு குறைந்தது. சில வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மலப் பரிசோதனை. மாதிரியை ஒரு சிறு குப்பியில் அடைத்து, பையில் வைத்து, காலையில் வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் படித்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். குப்பியைத் தூக்கி வெயிலில் பிடித்து, "மேக்க மொகக்த?" (இது என்ன?) என்றான்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். மிகத் தெளிவாக, சற்று உரத்த குரலிலேயே சொன்னேன். அவன் குப்பியை இரண்டு விரலால் பையில் திருப்பி வைத்து, என்னை எல்லோருக்கும் முன்பாக பஸ்ஸில் ஏறச் சொன்னான். அந்தப் போர் வருடங்களில் ஒரு சாவடியை அவ்வளவு வேகமாக நான் கடந்ததில்லை.

முடிவு வந்தது. கிருமி அப்படியே இருந்தது. தவணையில் பாதிக்கு மேல் போய்விட்டது.

"குளிசை எல்லாம் ஒழுங்கா எடுத்தனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னார்: "ஒண்ணுகூட வீணாகல, டொக்டர். இவளுக்கு ஒண்ணு, இவ அப்பாவுக்கு ஒண்ணு."

டொக்டரும் நானும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். அம்மா எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு விளங்கப்படுத்தினார். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒரு வீட்டுக்கு ஒரு போத்தல் மருந்துதான் கிடைக்கும். இருமுகிற எல்லோருக்கும் அதிலிருந்துதான் ஒரு மூடி. அப்பாவுக்கும் இதே எரிச்சல். ஒரே வருத்தத்துக்கு (நோய்க்கு) ஒருவர் மருந்து குடிக்க, மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பதா?

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்கட வீட்டுக்காரருக்கு எப்ப இருந்து எரிவு?"

"கல்யாணம் கட்டின நாளிலேருந்து."

"அப்ப காரணம் நீங்களோ, கிருமியோ எண்டு சோதிச்சுப் பாப்பம்."

அம்மா சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் டொக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அம்மா, அரை மருந்து குடுத்தால் கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. இரண்டு பேருக்கும் வருத்தம் எண்டால் இரண்டு பேருக்கும் முழு மருந்து."

அப்பாவுக்கும் கிருமி இருந்தது. எனக்கு வேறு அன்ரிபயோட்டிக் மாற்றித் தந்தார். பழைய மருந்தில் பாதி ஏற்கெனவே உள்ளே போயிருந்ததால் அப்பாவுக்கும் அந்தப் புது மருந்தையே தந்தார். அம்மா இப்போது இரண்டு தேநீர்ச் சாசர்களை அருகருகே வைத்து, எங்கள் கண் முன்னால் குளிசைகளை இட்டார். வாயில் இரும்புக் கசப்பு. அப்பா ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்துவிட்டு, "படிச்சவங்க மருந்து கசக்குது" என்பார்.

இரண்டாம் முறை கிருமி இருவருக்கும் போனது.

தவணையின் கடைசி வாரத்தில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்தேன். அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. பரிசோதனைக்கூடத்து வாங்கில் (பெஞ்சில்) என் அருகே இருந்தார். கொலஸ்ட்ரோல் அளவுக்குள் இறங்கியிருந்தது. ட்ரைகிளிசரைட் எல்லைக்கோட்டிலேயே நின்றது. நல்ல கொழுப்பு சற்று ஏறியிருந்தது. நிறுவனத்தின் மருத்துவர் கையெழுத்திட்டார்.

இதே முடிவுகளைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிருமி போனதால்தான் கொழுப்பு இறங்கியது என்று என்னால் உறுதி கூற முடியாது. எரிவை அடக்கத் தின்ற பிஸ்கட்டும் அதோடு நின்றது. நேரத்துக்குச் சோறும் இறங்கியது. என் கதையைப் படித்துவிட்டு யாரும் கொழுப்புக் குளிசையை நிறுத்த வேண்டாம். ஆனால் கொழுப்புக்காகப் போகும்போது வயிற்றைப் பற்றியும் டொக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்கு எரிகிறது என்றும் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மத்தியானத்துக்கு இன்னும் நேரமிருந்தது. வயிற்றில் ஏதோ அசைந்தது. கூர்மையில்லை, சூடில்லை, ஒரு வெற்றிடம், மெதுவாக விரிந்தது. பழைய பயத்தில் சற்று நேரம் அசையாமல் இருந்தேன். அது எதையும் கடிக்கவில்லை. காத்திருந்தது. நானும் கணக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடிந்தது. எரிவுக்கும் எரிவுக்கும் இடையில் துண்டு துண்டாய்க் கிடந்த காலைப்பொழுது, அன்று முதன்முறையாக ஒரே பொழுதாக நீண்டது.

பக்கத்து மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்து, "என்ன, சுகமில்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல. பசிக்குது" என்றேன்.