நான் சொன்ன ஜெபக் குறிப்பு

எட்டாம் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். செலியமேட்டில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அவர் ஒரு சிறிய சபை நடத்திவந்தார். பெண்பிள்ளைகளை உலகத்தோடு சேர்த்து வளர்க்கக் கூடாது என்று எங்கோ ஒரு கூட்டத்தில் கேட்டு வந்திருந்தார். அம்மா கல்யாணத்துக்கு முன் டீச்சராக இருந்தவள். வீட்டிலேயே படித்து, பத்தாம் வகுப்புத் தேர்வைத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவானது.

எனக்குத் துணையாக இன்னொருத்தியும் வந்தாள். அதே பள்ளியில் என் வகுப்பில் படித்தவள். எப்போதும் முதல் மார்க். அவள் அம்மா கரும்பு வெட்டவும் நடவுக்கும் போகிறவர். கணவர் இறந்த பிறகு எங்கள் சபையில் சேர்ந்தவர். "எம் பொண்ணும் பாஸ்டர் பொண்ணு மாதிரி வளரட்டும்மா" என்று அவராகவே வந்து கேட்டார். பள்ளித் தலைமை ஆசிரியை அவர்கள் வீடு தேடிப் போய், இந்தப் பெண்ணை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாராம். "பாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்று அவள் அம்மா அனுப்பிவிட்டார்.

காலையில் பைபிள் வசனம் மனப்பாடம். அப்புறம் கணக்கு, அறிவியல். மத்தியானம் வெள்ளைத் துணியில் வசனங்களை எம்பிராய்டரி போடுவோம். சபையார் வீடுகளில் சுவரில் மாட்டக் கொடுப்பதற்கு. எழுத்துகளைச் சுற்றி ரோஜாப் பூ போடுவது என் வேலை. அவளுக்கு எழுத்து. துணியில் பென்சிலால் கோடு போடாமலேயே நேராகத் தைப்பாள். இடையில் அவள் மட்டும் எழுந்துபோய்க் கொட்டகையைப் பெருக்கி, பாத்திரம் விளக்கிவிட்டு வருவாள். அதைக் கர்த்தருக்குச் செய்யும் ஊழியம் என்று அம்மா சொன்னாள். நான் ஏன் அந்த ஊழியத்தைச் செய்யவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசிக்க ஒரு மர அலமாரி இருந்தது. தூர தேசங்களுக்குப் போன மிஷனரிகளின் கதைகள்தான் அதில் பாதி. எல்லாவற்றையும் மூன்று நான்கு முறை படித்து முடித்திருந்தோம். எங்களுக்குப் பிடித்ததெல்லாம் அவர்கள் சாகும் இடம். காய்ச்சலில் கிடப்பது, கடைசியாக ஒரு கடிதம் எழுதுவது, காட்டுக்குள் புதைப்பது. அம்மா அந்தப் பக்கம் போனதும் ஒருத்தி பாயில் படுத்துச் சாவாள், மற்றவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுவாள். அவள் நன்றாகச் சாவாள். நான் பாதியில் சிரித்துவிடுவேன்.

அலமாரியில் இல்லாத மாத நாவல்களும் அவளிடம் இருந்தன. அவை எப்படி வந்தன என்றால், அவள் அம்மா வேலைக்குப் போகும் நிலக்காரர் வீட்டில் அடுப்பு பற்றவைக்க வைத்துக்கொள் என்று ஒரு கட்டு கொடுத்திருந்தார்கள். எல்லாம் அட்டை கிழிந்த கொலைக் கதைகள். அவள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. இவள் ஒவ்வொன்றாகப் படித்து முடித்த பிறகுதான் அடுப்புக்குக் கொடுத்தாள். படித்ததை எனக்குச் சொல்வாள். துணியைப் பார்த்துக்கொண்டே, ஊசியை நிறுத்தாமல், உதடு அசைவது தெரியாத மாதிரி. பிணம் கிடைக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தி, "நூலு கோத்துக் குடு" என்பாள். நான் கோத்துக் கொடுப்பேன். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அதை நான்தான் கெடுத்தேன்.

பாகூர் பக்கத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்து வசனப் போட்டி ஒன்று வைத்தார்கள். மேடையில் எனக்கு நடுவில் மறந்துபோனது. அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு இறங்கினாள். பரிசு கொடுத்த பெரியவர் அப்பாவிடம், "பாஸ்டர், ஒங்க பொண்ண விட இந்தப் பொண்ணு கெட்டி" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். திரும்பி வரும்போது அப்பா என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை ஜெபத்தில், யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்ற ஜெபக் குறிப்பு இருந்தால் சொல் என்று அம்மா வழக்கம்போலக் கேட்டாள். என்னோடு படிப்பவள் இன்னும் வந்திருக்கவில்லை.

"அவளுக்காக ஜெபிக்கணும்மா" என்றேன். "கெட்ட புஸ்தகம் படிக்கறா. எனக்கு பாரமா இருக்கு."

பாரமாக இருக்கிறது என்ற வார்த்தையைச் சபையில் பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அம்மா என் தலையைத் தடவினாள். சில மாதங்களாக அம்மா என்னைத் தொட்டதே இல்லை.

அந்த வாரம் பெண்கள் கூட்டத்தில் இருபது பெண்களுக்கு முன்னால் அவளை நிற்க வைத்தார்கள். அவள் வீட்டிலிருந்து எடுத்துவந்த நாவல்கள் ஏழெட்டு தரையில் கிடந்தன. அவள் அம்மா வேலைக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை.

"இத யாரு யாருகிட்ட சொன்ன?" என்று அம்மா கேட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்டயும் இல்ல பாஸ்டரம்மா."

"நெசமா சொல்லு."

"நானா படிச்சேன். யாருக்கும் தெரியாது."

அவள் அம்மா எழுந்து வந்து அவளை அறைந்தார். ஒரு அறையோடு நிறுத்தாமல் எங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இன்னும் அடித்தார். அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. காது சிவந்து, கம்மல் ஒன்று கழன்று விழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் கொட்டகைக்குப் பின்னால், குளிக்க வெந்நீர் போடும் அடுப்பில், அந்த நாவல்களை அவள் கையாலேயே கிழித்துப் போடச் சொன்னாள் அம்மா. "மொத்தமா போடாத. ஒவ்வொரு பக்கமா போடு" என்றாள். நெடுநேரம் ஆனது. பெண்கள் சுற்றி நின்று பாடினார்கள். முடிந்ததும் அவளுக்காக ஜெபிக்க என்னை அழைத்தார்கள். ஒரு தடங்கலும் இல்லாமல் நீளமாக ஜெபித்தேன். எவ்வளவு நல்லா ஜெபிக்கிறா பாஸ்டர் பொண்ணு என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

மனம் திரும்பும் வரை அவளுக்கு வகுப்பு இல்லை என்று அப்பா சொன்னார். ஆனால் சனிக்கிழமை தோறும் கொட்டகையைப் பெருக்க வரவேண்டும். வந்தாள். அவள் பெருக்கும் சத்தம் கேட்கும்போது நான் அறிவியல் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பேன். வேண்டுமென்றேதான். ஒருநாள் சன்னலருகில் வந்து நின்றாள்.

"அந்த சயின்ஸ் புக்க ரெண்டு நாளு குடுக்கறியா? திருப்பித் தந்துடறன்."

"அம்மாகிட்ட கேளு" என்றேன்.

அம்மா தர மாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. தேர்வுக்கு என் பெயர் போனது, அவள் பெயர் போகவில்லை. அவளைப் பழைய பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா என்று அவள் அம்மா வந்து கேட்டதற்கு, "திரும்ப உலகத்துக்கே அனுப்பப் போறியா?" என்றார் அப்பா. அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். பதினெட்டு வயதானதும் அவள் ஒரு தையல் கம்பெனி வேனில் ஏறிப் போக ஆரம்பித்தாள். சபைக்கு வருவதை நிறுத்தினாள். கல்யாணமாகி வில்லியனூர் பக்கம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் அப்பா பார்த்துச் சேர்த்த கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரிக்குப் போய், பி.எட். முடித்து, வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சரானேன். போன ஜூனில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு என்னை உட்கார வைத்திருந்தார்கள். வரிசையில் அவள் வந்தாள், கையில் ஒரு பெண்குழந்தையோடு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மாறவில்லை.

விண்ணப்பத்தில் தாயின் கல்வித் தகுதி என்ற இடம் காலியாக இருந்தது. நான் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போனேன்.

"அத வுட்டுட்ட" என்றாள். "எட்டாவதுன்னு எழுது."

எழுதினேன். அவளுக்குப் பின்னால் அப்போது யாரும் இல்லை. குழந்தை மீன்தொட்டியைப் பார்க்க ஓடிவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அன்னைக்கு எங்கம்மாகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும். ஒங்கம்மா எங்க வூட்டுக்கு வந்து பையத் தொறக்கச் சொல்லும்போதே சொன்னாங்க, எம் பொண்ணு ஒனக்காக அழுவுறான்னு."

கூட்டத்தில் நிற்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப ஏன் எம் பேர சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? பொய்யும் சொல்றான்னு இன்னும் ரெண்டு வுழும்." குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஒன்ன காப்பாத்துனன்னு நெனச்சிட்டிருந்தியா இத்தினி வருசம்?"

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெபத்தில்கூட அப்படித்தான் சொல்லி அழுதிருக்கிறேன்.

"ஒண்ணாவதுக்கு எத்தினி கிளாஸ்?" என்றாள்.

"ஏ, பி ரெண்டு. ஏ செக்‌ஷன் எனக்கு."

"பி-ல போடு."

விண்ணப்பத்தின் மூலையில் ஏற்கெனவே ஏ என்று எழுதியிருந்தேன். அதை அடித்து, பக்கத்தில் பி என்று எழுதினேன். தாளைத் தன் பக்கம் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு குழந்தையைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். அடுத்து நின்றவர் ஆதார் அட்டையை நீட்டினார்.