ராகு காலத்து அடுப்பு

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த புதிது. ஊரெல்லாம் கொடி பறந்தது. காஜா பேராங்கில் எங்கள் சந்தில் மட்டும் புகைதான் ஆட்சி செய்தது. நாலு மசாலா வியாபாரிகள், நாலு வீட்டுக் கொல்லையிலும் விறகடுப்பு. மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்து ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்குப் போடுவோம். அந்த நாலில் ஒன்று எங்களுடையது.

மிளகாய் நெடி ஏறினால் சந்தே தும்மும், தும்மிவிட்டு வேலையைப் பார்க்கும். என் மகளால் அது முடியாது. சின்னப் பிள்ளை, இளைப்புக்காரி. புகை வந்தால் நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கும், வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிப்பாள். என் அடுப்பைக் கொல்லைக் கோடிக்குத் தள்ளிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அண்ணனின் அடுப்பை எங்கே தள்ளுவது?

அப்போதுதான் டவுன் கவுன்சில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு யோசனையோடு வந்தார். சந்துக் கோடியில் கவுன்சில் இடம் தரும், உயரமான புகைபோக்கியும் கட்டித் தரும். செங்கல்லும் விறகும் எங்கள் பொறுப்பு. எல்லோருக்கும் ஒரே அடுப்பு, முறை வைத்து வறுக்க வேண்டும்.

“ஆனா ஒண்ணு, ஒரு வீட்ல புகை கெளம்பினாலும் இந்த ஏற்பாடு காலி. அப்புறம் என்கிட்ட வராதீங்க” என்றார்.

நல்ல மனிதர். நம் ஆட்களைத்தான் அவருக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்து முறை பிரித்தார், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. அடுப்பு எழும்பியதும் சீட்டுக் குலுக்கியதில் வெள்ளிக்கிழமை ராகு கால முறை பக்கத்து வீட்டு அண்ணன் தலையில் விழுந்தது.

முதல் வெள்ளியே அவர் விடிந்ததும் வீட்டுக் கொல்லை அடுப்பில் மிளகாயை வறுக்கப் போட்டுவிட்டார். என் மகளுக்கு மதியம் வரை இழுத்தது. புகையைப் பார்த்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டர், இந்தத் தடவை விட்டுவிடுவதாகவும், இன்னொரு தடவை என்றால் பொது அடுப்பைப் பூட்டிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் வேலிக்கு இந்தப்புறம் நின்றே கத்தினேன்.

“என்னாண்ணே இது?”

“ராகு காலத்துல எவன்லா அடுப்பு பத்த வைப்பான்? நீ வைப்பியா தங்கச்சி?”

நானும் வைத்ததில்லை. அந்த நேரத்தில் வாசல் தாண்டக்கூட யோசிக்கிறவள் நான். உள்ளே மகளின் மூச்சு கீச்கீச்சென்று கேட்டது. அதற்கு நல்ல நேரம், கெட்ட நேரம் தெரியவில்லை.

“வைக்கிறேண்ணே. என் முறைய நீங்க எடுத்துக்குங்க” என்றேன்.

அடுத்த வெள்ளி, ராகு காலத்தில் பொது அடுப்புக்குப் போனேன். கெடுதல் எதுவும் வந்தால் மகள் மேல்தானே விழும் என்ற பயம். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது பிடித்துக்கொண்டது. மிளகாய் படபடத்தது, புகை நேராக மேலே ஏறிக் கூரைகளைத் தாண்டிப் போயிற்று.

வறுத்து முடித்து வீட்டுக்கு ஓடினேன். மகள் பாயில் படுத்திருந்தாள். ஒரு கணம் பயந்து, குனிந்து பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.