குதித்தது கார்தான்

அந்தப் பகுதியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழே அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் வைத்த காலை அவள் எடுப்பதே இல்லை என்பதால் வந்த பெயர். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போனவள், உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்று ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கினாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவளிடம் கற்றவர்கள் வண்டியை எங்கும் கொண்டுபோய் இடித்ததில்லை.

புதிதாக வந்த தையல்காரிக்கு மட்டும் ஓட்டம் பிடிபடவில்லை. சிக்னலில் நின்றால் வண்டி நடுங்கும். மேட்டில் ஏறும்போது குதித்துக் குதித்து அணைந்துவிடும்.

"கிளட்சை மெதுவா விடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? தையல் மெஷினா இது?"

"மெதுவாத்தான்க்கா விடறேன்."

"அப்போ வண்டி பொய் சொல்லுதா?"

பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. தையல்காரியின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் அவள் வரவில்லை. போன் செய்தால், "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுக்கா" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் பிரேக் அக்கா பயிற்சிக் காரிலேயே கணவரோடு கடைக்குப் போனாள். ஸ்டியரிங் அவள் கையில். பாலத்து மேட்டில் கார் அதேபோல் குதித்து, முக்கி முனகி ஏறியது. கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்: "இப்போ யாரைத் திட்டப்போற?"

வீடு திரும்பி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் தூக்கினாள். இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கிற சாதாரண ஸ்பார்க் பிளக்கை முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கடைசியாக மாற்றியதிலிருந்து மீட்டர் அந்தக் கணக்கைத் தொடவில்லையே என்று சும்மா இருந்துவிட்டாள். பயிற்சி வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடுவது மீட்டரில் ஏறாது.

பிளக் உட்கார்ந்திருக்கும் குழிகளில் கிடந்த தூசியை ஊதித் தள்ளிவிட்டு, ஒவ்வொரு பிளக்காகத் திருகி எடுத்துப் பழைய துணியில் வைத்தாள். நல்ல பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருக்கும். இவற்றில் மூன்றில் கரி அப்பிக் கிடந்தது. நான்காவதன் முனை தேய்ந்து, பொறி தாண்டும் இடைவெளி அகன்றுபோயிருந்தது.

"சுத்தம் பண்ணிப் போட்டுடலாமே?" என்றார் கணவர்.

"தேஞ்ச முனை துடைச்சா வளர்ந்துடுமா?"

நான்கையும் புதிதாக வாங்கினாள். மரை கோணிவிடாமல் முதலில் கையாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் அளவோடு முறுக்கினாள். பாலத்து மேட்டில் கார் சத்தமில்லாமல் ஏறியது. அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வண்டியை நேரே தையல்காரியின் வீட்டுக்கு விட்டாள்.

"குதிச்சது கார்தான்மா, நீங்க இல்ல. பிளக் போயிருந்துச்சு. பார்க்காம உங்களைத் திட்டிட்டேன்."

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். "என்கிட்ட மட்டும் சொன்னா எப்படிக்கா? எனக்கு வண்டி வராதுன்னு இந்த வீடே முடிவு கட்டிடுச்சு." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "என்னங்க, இங்க வாங்க. அத்தை, நீங்களும்தான்."

கூடத்தின் நடுவில் நின்று பிரேக் அக்கா எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தையல்காரியின் கணவர் தலையைச் சொறிந்தார். மாமியார், "அப்போ இனிமே ஆஸ்பத்திரிக்கு இவளே என்னைக் கூட்டிட்டுப் போவாளா?" என்றார்.

"தாராளமா" என்றாள் பிரேக் அக்கா.

தையல்காரி மறுநாளே வந்தாள். லைசென்ஸ் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். இப்போதெல்லாம் யார் ஓட்டும்போது கார் குதித்தாலும், பிரேக் அக்கா முதலில் அவர்களை இறக்கிவிட்டுத் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறாள். ஆயில் மாற்றும்போதெல்லாம் பிளக்குகளையும் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.